ஈர மண்ணில் வாடிய கறிவேப்பிலை

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பால்கனி மேற்கு பார்த்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் கம்பிகளுக்கிடையே நுழைந்து தொட்டிகளின் வயிற்றில் விழும். கடந்த ஆண்டு மார்ச் மாதத்தில், அலுவலகத்திலிருந்து திரும்பிய ஒரு மாலையில், எங்கள் கறிவேப்பிலைச் செடி முழுவதும் தலைகவிழ்ந்து நிற்பதைக் கண்டேன். இலைகள் உதிரவில்லை, பழுக்கவும் இல்லை. பிழியாத துணியைக் கொடியில் போட்டதுபோல் ஈர்க்கோடு துவண்டு தொங்கின. வாடிய செடியைக் கண்டால் கை தானாகவே குவளையைத் தேடும். நானும் ஒரு குவளை ஊற்றினேன். மறுநாள் இரண்டு குவளை ஊற்றினேன். அந்த வாரம் முழுவதும் இதுவே நடந்தது.

ஆறாம் நாள் அத்தை பால்கனிக்கு வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “மண்ணு சாணி மாதிரி இருக்கு, இதுக்கு மேல தண்ணி எதுக்கும்மா?” என்றார். விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஒரு விரற்கடை காய்ந்திருந்ததே தவிர, அதற்குக் கீழே எல்லாம் குழைந்த சேறு. முகர்ந்தபோது சாக்கடை ஓரத்து வாடை அடித்தது.

மண் காய்ந்து செடி வாடுவதும், மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது மட்டுமே இரண்டிலும் பொது. வேர் உயிரோடு இருந்து வேலை செய்வதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் முழுவதையும் தண்ணீர் அடைத்துக்கொண்டால், காற்றில் பரவுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் அந்தத் தண்ணீருக்குள் பரவி வேரை அடையும். சில நாள்களில் வேர்நுனிகள் செத்துப்போகின்றன. அழுகலைக் கொண்டுவரும் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற நுண்ணுயிர்களுக்கு அந்தச் சேறு நல்ல விளைநிலம் ஆகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் செடி தாகத்தால் வாடுகிறது. அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்.

தண்ணீரை நிறுத்தியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வாட்டத்தோடு இன்னொன்றும் இருந்தது. துளிர் இலைகள் வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சையாக, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாக மாறியிருந்தன. பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, “மண்ணுல புளிப்பு இல்ல, வினிகர் கலந்து ஊத்துங்க” என்றார். அவர் சொன்னது பாதி சரி என்பது பின்னால் தெரிந்தது. நானோ ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் வினிகரைக் கலந்து, கறிவேப்பிலைக்கு மட்டுமல்லாமல், அதன் பக்கத்தில் பாலிபேக்கில் சோர்ந்திருந்த மூன்று மிளகாய்ச் செடிகளுக்கும் சமமாகப் பங்கிட்டு ஊற்றினேன். சோர்வு ஒன்றுபோல் இருந்ததால் நோயும் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மிளகாய்ச் செடிகள் முன்னிலும் மோசமாயின. கறிவேப்பிலை நின்றிருந்த சிமெண்டுத் தொட்டியை இருவர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. ஆகவே மிளகாய்ப் பைகளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு, கறிவேப்பிலையின் படங்களைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை பூலோவுக்குப் போனேன். 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட குடியிருப்பு அது. அங்கே வாழ்ந்தவர்கள் பூச்செடி வளர்ப்பைத் தொழிலாகக் கைக்கொண்டார்கள். கோலாலம்பூர்வாசிகள் இன்றும் செடி வாங்க முதலில் நினைக்கும் நர்சரிகள் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயும் கொஞ்சம் தமிழும் கலந்து பேசுவார். என்ன மருந்து வேண்டும் என்று கேட்ட என்னை, ஒரு பையைக் கிழிக்கட்டுமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதலில் அவர் செய்தது மிளகாய்க்கே உரிய ஒரு சோதனை. மிகவும் வாடிய செடியின் தண்டை மண்ணுக்கு மேலே நான்கு விரற்கடை விட்டுச் சாய்வாக வெட்டி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி ஒரு கண்ணாடிக் குவளைக்குள் தொங்கவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் பச்சையாக இருக்கும்போதே சாய்த்துவிடும் பாக்டீரியா வாடல் நோயாக இருந்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை ஒன்று தண்ணீருக்குள் புகைபோல் இறங்கும். அந்த நோய்க்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவும் இல்லை. செடியையும் மண்ணையும் கட்டித் தூக்கி எறிய வேண்டியதுதான். குவளையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பிறகு பையைக் கிழித்தார். வேர்கள் அழுகவில்லை. ஆனால் கிளைக்காமல், குட்டையாக, நுனி பழுப்பேறித் தடித்திருந்தன. வெண்மையான இளவேர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கறிவேப்பிலைப் படங்களைக் காட்டியபோது மட்டும் அவர் யோசிக்கவே இல்லை. “ஆக்கார் சுடா பூசோக்” என்றார். வேர் அழுகிவிட்டது என்பதைப் படத்தில் வேரே தெரியாதபோது எப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, தொட்டியின் அடியில் தண்ணீர் நிறைந்து நின்ற தட்டைச் சுட்டிக்காட்டினார்.

வீட்டுக்கு வந்து கறிவேப்பிலையை மண்ணோடு பெயர்த்தோம். அடித்துளை ஒன்றே ஒன்றுதான்; அதன் மேல் நானே பரப்பிவைத்த இரண்டு அங்குலச் சரளைக்கல். அதற்கு மேலிருந்த மண் கறுத்து நாறியது. நல்ல வேரை விரலால் நீவினால் உறுதியாக நிற்கும். இந்த வேர்களை நீவியபோது மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

சரளைக்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. அது தவறு என்பதைப் பாத்திரம் கழுவும் பஞ்சை வைத்தே பார்த்துவிடலாம். பஞ்சை நன்றாக நனைத்து, தட்டையாகக் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருந்து, அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். ஒழுகி நின்ற பிறகும் பஞ்சின் அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் ஊறியே இருக்கும். தொட்டி மண்ணிலும் நடப்பது இதுதான்: எவ்வளவு வடிந்தாலும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஒரு நனைந்த அடுக்கு நின்றுவிடும், அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் பொடித்தன்மையே. கீழே சரளையைப் பரப்பினால், மேலுள்ள பொடிமண் முழுவதும் நிறையும்வரை தண்ணீர் சரளையின் பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. ஆகவே அந்த நனைந்த அடுக்கு சரளைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்குக் கிடைக்கும் காற்றுள்ள மண் அந்த அளவுக்குக் குறையும். துளை அடைபடாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும். அகலமான தாழ்ந்த தொட்டியைவிட உயரமான தொட்டி நன்றாக வடிவதற்கும் காரணம் இந்தப் பஞ்சுக் கணக்குதான்.

தண்ணீர் ஊற்றுவதில் நான் கைவிட்ட முதல் பழக்கம் அட்டவணை. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், ஜூன், ஜூலை சற்றுக் காயும். ஆனால் இந்தக் கணக்கு என் பால்கனிக்குப் பொருந்துவதில்லை. ஊரே வெள்ளக்காடாக இருக்கும் நாளிலும் உள்வரிசைத் தொட்டிகளில் ஒரு துளி விழாது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் கம்பியோரத் தொட்டிகள் மட்டும் நிரம்பி வழியும். இரண்டு அடி தள்ளி நிற்கும் இரு தொட்டிகளுக்கே தட்பவெப்பம் வேறு. தூக்க முடிந்த தொட்டிகளைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிகிறேன். ஊற்றி வடிந்த உடன் ஒரு முறை, இலை சோரத் தொடங்கும் முன் ஒரு முறை என்று ஒரு வாரம் தூக்கிப் பழகினால், கைக்கு அந்த வேறுபாடு மனப்பாடமாகிவிடும். தூக்க முடியாதவற்றுக்குச் சாத்தே குச்சி, அதாவது இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் மூங்கில் குச்சி. தொட்டியின் விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவினால், எவ்வளவு ஆழத்தில் ஈரம் தொடங்குகிறது என்பது மூங்கிலில் கறுத்துத் தெரியும். குச்சியின் கீழ்ப்பாதி கறுத்திருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. தேங்காய்நார்த் துகள் கலந்த மண்ணுக்கு இது மிக அவசியம், ஏனெனில் அதன் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்து நம்மை ஏமாற்றும். உள்ளே பிழிந்தால் சொட்டும்.

ஊற்றும்போது அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றுகிறேன். தினமும் அரைக் குவளை என்று தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து வேர்கள் மேலேயே சுற்றும். உரத்தின் உப்பும் வெளியேறாமல் தங்கி, அதுவே வேரின் நீரை இழுத்து வாட்டத்தைக் கொண்டுவரும். வடிந்த தண்ணீரை அரைமணி நேரத்துக்குள் தட்டிலிருந்து கொட்டிவிடுகிறேன். வேருக்காக மட்டும் செய்வதல்ல இது. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். தொட்டித்தட்டில் புழு நெளிந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரருக்கு அபராதம் வரும் என்பதை மலேசியாவில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, மண் முற்றிலும் காய்ந்து தொட்டிச்சுவரை விட்டு விலகியிருந்தால், மேலிருந்து ஊற்றுவது பயன்படாது, தண்ணீர் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். அப்போது தொட்டியையே ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழிகள் அடங்கும்வரை வைத்தெடுக்க வேண்டும்.

நண்பகல் வாட்டத்தையும் தனியாகப் பிரித்தறிய வேண்டும். மிளகாய், துளசி, வெற்றிலை மூன்றும் உச்சிவெயிலில் இலையைத் தொங்கவிடும். வேர் தருவதைவிட வேகமாக இலை நீரை இழக்கிறது, அவ்வளவே. மாலை ஏழு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் அந்தச் செடிக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலை. பிற்பகல் நான்கு மணிக்குக் கறுப்புப் பாலிபேக்கின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தேநீர்க் குவளையைத் தொட்டதுபோல் சுட்டது. அந்தச் சூட்டில் வேர் என்ன வேலை செய்யும்? இப்போது பைகளை வெள்ளை அரிசிச்சாக்குக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். அழகாக இல்லை என்று என் மகள் சொல்கிறாள். செடியிடமிருந்து அப்படி ஒரு புகாரும் வரவில்லை.

இனி மண்ணின் புளிப்புக்கு வருகிறேன். புளிப்பை எண்ணால் காட்டும் பிஎச் அளவை 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சென் என்ற வேதியியலாளர் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு என்பதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலோர் பேசுகிறோம். 6க்கும் 5க்கும் உள்ள தொலைவு ஒன்றுபோல் தெரிந்தாலும் அமிலம் பத்து மடங்கு. பெரும்பாலான தொட்டிச் செடிகள் 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிம்மதியாக இருக்கும். 7ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் பூட்டிக்கொள்ளும், மாங்கனீசும் துத்தநாகமும் அப்படியே. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு இடம்பெயராது என்பதால், பற்றாக்குறை முதலில் துளிரில்தான் தெரியும். பழைய இலைகள் மஞ்சளானால் அது நைட்ரஜன் அல்லது மக்னீசியக் குறை, வேறு கதை. 5க்குக் கீழே போனால் கால்சியமும் மக்னீசியமும் குறைகின்றன, களிமண்ணில் இருக்கும் அலுமினியம் கரைந்து வேர்நுனிகளைக் கருக்குகிறது. பெரியவரின் கடையில் கண்ட குட்டை வேர்களின் பொருள் இதுவாக இருக்குமோ என்று தோன்றியபோதுதான் அளந்து பார்க்க முடிவு செய்தேன்.

மண்ணில் குத்தினால் ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் மின்கலம் இல்லாத இரட்டைக்கம்பிக் கருவியை நம்பாதீர்கள். என்னிடமிருந்தது எல்லாத் தொட்டிக்கும் 7 என்றது. கழுவித் துடைத்து வெறும் தண்ணீரில் வைத்தாலும் 7 என்றது. கண்ணாடிக் குமிழ் கொண்ட பேனா வடிவக் கருவியை வாங்கினேன். அதனுடன் 4.00, 6.86, 9.18 என்று எழுதிய மூன்று தூள் பொட்டலங்கள் வரும். ஒவ்வொன்றையும் காய்ச்சி வடித்த நீர் 250 மில்லிலிட்டரில் கரைத்து, கருவியை அவற்றில் முக்கி எண்ணைத் திருத்திக்கொண்டால்தான் அளவு நம்பகமாகும். காய்ச்சி வடித்த நீர் கார் பேட்டரிக்கென்று பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கிறது. அமிலம் கலக்காத வெறும் நீர்தானா என்று லேபிளைப் படித்து வாங்க வேண்டும்.

சமையலறை மேடையில் அளந்தேன். தொட்டியின் நடு ஆழத்திலிருந்து ஒரு பங்கு மண், இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர். பழைய தேநீர்க் குவளையில் கலக்கி அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரில் கருவியை நிறுத்தினேன். எண்கள் ஓடி ஓடி அடங்கின. கறிவேப்பிலை மண் 7.9. கருவி பழுதோ என்று 6.86 கரைசலில் மறுபடி முக்கிப் பார்த்தேன், 6.86தான். அடுத்து மிளகாய் மண்: 4.5. கைக்கெட்டும் தூரத்தில் அருகருகே நின்ற இரண்டு செடிகளின் மண்ணுக்கு இடையில் அமிலத்தில் ஏறத்தாழ 2,500 மடங்கு வேறுபாடு. இரண்டுக்கும் ஒரே வினிகரை ஊற்றியிருக்கிறேன்! கறிவேப்பிலையில் அது சில நாளில் நுண்ணுயிர்களால் சிதைந்து சுவடில்லாமல் போயிருக்கும். மிளகாய்க்கோ எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கறிவேப்பிலை மண் எப்படி இவ்வளவு காரமாயிற்று? முதல் சந்தேகம் குழாய்த் தண்ணீர் மேல் விழுந்தது. சுத்திகரிப்பின் முடிவில் சுண்ணாம்பு சேர்த்துப் பிஎச்சை உயர்த்துவது வழக்கந்தான். ஆனால் தண்ணீரின் பிஎச் எண்ணைவிட அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவுதான் மண்ணை மாற்றும். சிலாங்கூர், லங்காட் ஆறுகளிலிருந்து எடுக்கப்படும் நம் தண்ணீர் மென்னீர். கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு அவ்வளவாகச் சேர்வதில்லை என்பதிலிருந்தே இதை அறியலாம். மேலும் அதே தண்ணீரைக் குடித்த மிளகாய் 4.5இல் இருக்கிறதே. குற்றவாளிகள் இருவரும் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டார்கள். ஒருவர், தீபாவளிக்கு முன் நான் வாங்கிய புதிய சிமெண்டுத் தொட்டி; சிமெண்டு இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு பல மாதங்கள் கசிந்துகொண்டே இருக்கும். மற்றவர், பொங்கலன்று கீழே விறகடுப்பில் பொங்கிய பின் அத்தை ஒரு வாளி நிறைய அள்ளிவந்து செடிக்கு இட்ட சாம்பல். விறகுச் சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் கார்பனேட்டுகள் நிறைய உண்டு. செம்மண் தோட்டத்தில் பரவலாகத் தூவினால் நல்ல உரம், பதினைந்து லிட்டர் தொட்டியில் கொட்டினால் அளவு மீறிய சுண்ணாம்பு. அத்தையிடம் இதைச் சொல்லும் தைரியம் வர எனக்கு மூன்று நாள் ஆயிற்று. “ஊர்ல தென்னைக்குப் போடுவோம், அது ஒண்ணும் சாகல” என்றார். தென்னை தொட்டியில் வளர்வதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

மிளகாயின் கதை தலைகீழ். பை நிறைய இருந்தது கடையில் வாங்கிய கறுப்பு மண். தானா ஹித்தாம் என்று விற்கப்படுவதில், சதுப்பில் பாதி மட்கிய தாவரங்களால் ஆன பீட் மண் கலந்திருந்தால் அது பிறப்பிலேயே புளிப்பு. மலேசியப் பீட் நிலங்களின் பிஎச் 3க்கும் 4க்கும் இடையில் இருப்பது சாதாரணம். அதன்மேல் இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அம்மோனியம் சல்பேட் உரம் போட்டுவந்தேன். மண் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. கம்பியோரத் தொட்டி என்பதால் மழையும் கால்சியத்தை அரித்துக்கொண்டு போயிற்று. மிளகாய் செத்துக்கொண்டிருந்தது நான் அக்கறையோடு போட்ட உரத்தால்தான்.

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலையின் மஞ்சளுக்குக் காரணம் பிஎச். வாட்டத்துக்குக் காரணம் அது அல்ல. மண் சற்றுக் காரமாக இருப்பதால் மட்டும் ஒரு செடி ஒரே வாரத்தில் துவண்டுவிடாது. வேர் அழுகிக் கிடக்கும் செடிக்கு இரும்புச் சத்தைக் கொடுப்பதும் பிஎச்சைத் திருத்துவதும் வீண் வேலை, அவற்றை எடுத்துக்கொள்ள வேர் வேண்டுமே. ஆகவே முதலில் காற்றும் தண்ணீரும், புதிய வெள்ளை வேர் கண்ட பிறகே பிஎச் என்ற வரிசையில் செய்தேன். மிளகாயின் நிலை வேறு, அங்கே அமிலமே வேரைக் கெடுத்ததால் வாட்டத்துக்கும் அதுவே காரணம்.

கறிவேப்பிலையின் அழுகிய வேரைக் கத்தரித்து, எஞ்சிய வேர் தாங்கக்கூடிய அளவுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு கிளையையும் வெட்டினேன். பக்கவாட்டிலும் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். செம்மண் மூன்று பங்கு, மட்கிய உரம் இரண்டு பங்கு, கரடான ஆற்றுமணல் ஒரு பங்கு என்ற, நம் நர்சரிகளுக்குப் பழக்கமான கலவைதான், அளந்தபோது 6.3 காட்டியதால் வேறெதுவும் சேர்க்கவில்லை. நெல் உமிக்கரி சேர்க்கலாமே என்று பெரியவர் சொன்னார். அதுவும் காரப்பக்கம் இழுப்பது என்பதால் இம்முறை தவிர்த்தேன். மூன்று வாரம் நிழலில் வைத்து, குச்சி காய்ந்து வந்த நாள்களில் மட்டும் ஊற்றினேன். உரம் அறவே இல்லை. காலியான சிமெண்டுத் தொட்டியில் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றி, ஒரு மாதம் ஊறவைத்த பிறகுதான் கற்றாழை நட்டேன்.

அத்தையின் மல்லிகையைப் பெயர்க்க அனுமதி கிடைக்கவில்லை. அதுவும் சிமெண்டுத் தொட்டி, 7.4. அங்கேதான் கந்தகத் தூளைப் பயன்படுத்தினேன். கந்தகம் தானாக அமிலம் அல்ல. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்ற வாரங்களும் மாதங்களும் ஆகும். பலன் தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி தூவுபவர்கள் ஒரு நாள் திடீரென்று 4ஐப் பார்ப்பார்கள். பதினைந்து லிட்டர் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மேல்மண்ணில் கிளறி, ஈரம் காத்து, இரண்டு மாதம் தொடாமல் விட்டேன். பத்தாவது வாரம் 6.7. இடைக்காலத்தில் துளிரைக் காப்பாற்ற இரும்புச் சத்து கொடுத்தேன். இதில் கவனிக்க வேண்டியது: இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்கும் சேர்மத்தின் பெயர் பொட்டலத்தில் இருக்கும்; மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை 6.5க்கு மேலுள்ள மண்ணில் விரைவில் பயனிழக்கும். கார மண்ணுக்கு இடிடிஎச்ஏ (EDDHA) வகையே நிற்கும், கரைத்தால் தண்ணீர் இரத்தச் சிவப்பாகும், டைல்ஸ் தரையில் சிந்தினால் கறை போகாது.

மிளகாய்க்கு டோலமைட் சுண்ணாம்பு. செம்பனைத் தோட்டங்களில் ஜிஎம்எல் (அரைத்த மக்னீசியச் சுண்ணாம்புக்கல்) என்று மூட்டை மூட்டையாக இடுவது இதன் உறவுதான். கால்சியத்தோடு மக்னீசியமும் தருவதால் இரட்டைப் பயன். பத்து லிட்டர் பைக்கு ஒரு மேசைக்கரண்டியை மேல்மண்ணில் கலந்து நீர் விட்டேன். சுண்ணாம்பு இட்ட வாரத்தில் அம்மோனிய உரம் போடக் கூடாது, நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். முட்டை ஓடு போடுங்கள் என்று பலரும் சொன்னார்கள். உடைத்துப் போட்ட ஓடு இரண்டு ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்தால்தான் ஓரளவு கரையும். காப்பித்தூள் சக்கையால் மண் புளிக்கும் என்பதும் இதே வகைப் பேச்சு. காப்பியின் புளிப்பு நாம் குடிக்கும் குவளைக்குள் வந்துவிடுகிறது, சக்கை ஏறத்தாழ நடுநிலை. தொட்டி மேல் அதைக் கெட்டியாகப் பரப்பினால் காய்ந்து பொருக்காகித் தண்ணீரைத் தடுப்பதுதான் மிச்சம்.

கறிவேப்பிலையில் ஏழாவது வாரம் முதல் துளிர் வந்தது, செம்பழுப்பாக. விரியும்போது நரம்பும் இடைவெளியும் ஒரே பச்சையாகின. அத்தை இப்போது சாத்தே குச்சியைத் தொட்டியிலேயே விட்டுவைத்திருக்கிறார். ரசத்துக்கு ஈர்க்குப் பறிக்கப் போகும்போதெல்லாம் உருவிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு வேணாம்” என்று உள்ளே குரல் கொடுப்பார். பெரியவர் வெட்டிய செடி போக எஞ்சிய இரண்டு மிளகாய்களில் ஒன்று காய்க்கிறது. மற்றது 5.8க்கு வந்தும், இலை நேராகியும், பூவை மட்டும் உதிர்த்துக்கொண்டிருக்கிறது. வெயில் சூடா, நைட்ரஜன் கூடிவிட்டதா என்று தெரியவில்லை. சாக்கோடு சேர்த்து அதை உள்வரிசைக்கு மாற்றியிருக்கிறேன்.